டிவி விவாதத்தில் ஜெயிச்சது யார்? எப்படி எடைபோடுவது?

வேட்பாளர்கள் டிவியில் மோதி முடிப்பதற்குள் 'இவர்தான் வின்னர்' என்று ரீல்ஸ் வந்துவிடும். அதை நம்பலாமா?

விவாதம் கட்டாயமா?
இந்தியாவில் இல்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் ஆகியோர் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தனர். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை.

தடுமாறினால் தோல்வியா?
சில நேரம் ஆமாம். 2024 ஜூன் 27 விவாதத்தில் டிரம்ப் முன் தடுமாறிய பைடன், ஜூலை 21-ல் போட்டியிலிருந்தே விலகினார். ஆனால் சரளமாகப் பேசுவது வேறு, பதில் சொல்வது வேறு.

எதைக் கவனிக்கணும்?

● கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா? எதிராளியைத் திட்டி நழுவினாரா?

● அது அவர் அதிகாரத்தில் வருமா? தரமணி தென்சென்னை மக்களவைத் தொகுதியில் இருக்கு. அங்கே தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சி வேலை. எம்.பி. வேட்பாளர் 'நானே கட்டுவேன்' என்றால், எந்தப் பணத்தில் என்று கேட்கணும். எம்.பி. தொகுதி நிதி முழுத் தொகுதிக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்தான்.

● சொன்னது உண்மையா? சொத்து, வழக்கு விவரங்கள் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பார்க்கலாம்.

எப்போது முடிவெடுப்பது?
வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரசாரத்துக்குத் தடை (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126). சத்தம் அடங்கிய அந்த நேரத்தில், யாருடைய பதில் ஞாபகத்தில் நிற்குதுன்னு பாருங்க.