வெள்ளாவியும் வாஷிங் மெஷினும்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வாஷிங் மெஷின் பழசாகிவிட்டது, ரிப்பேர் பார்ப்பதா புதுசு வாங்குவதா என்ற கேள்விக்குத் தலித் இதழில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். துணி வெளுப்பது இந்த நாட்டில் வெறும் வீட்டு வேலையாக இருந்திருந்தால் இங்கே அதற்கு வேலை இல்லைதான். அது ஒரு சாதியின் பெயராக இருந்தது. ஊருக்கு வெளுக்க ஒரு வண்ணார், சேரிக்கு வெளுக்க வேறொரு வண்ணார் என்று அழுக்குக்கே படிநிலை வகுத்த சமூகம் இது. ஆகவே துவைக்கும் இயந்திரம் நம் வீட்டுக்குள் வந்த கதையையும், அது கெட்டுப்போனால் நாம் போடுகிற கணக்கையும் வரலாறாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேரிக்கு வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். துரும்பர் என்றும் சொல்வார்கள், தெற்கே புரத வண்ணார் என்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் இவர்கள் பகலில் வெளியே நடமாடக்கூடாதவர்களாக, கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களாக இருந்ததை 1932 டிசம்பரில் 'இந்து' நாளேட்டுச் செய்தி ஒன்று பதிவு செய்திருக்கிறது. தீண்டாமைக்கும் கீழே காணாமை என்று ஒரு படி. தீண்டத்தகாதவர்களின் துணியை வெளுத்ததுதான் இவர்கள் செய்த குற்றம். அந்தத் துணியை உடுத்தியவர்கள் நாம். இதைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது.

வீடு வீடாகப் போய் அழுக்கு எடுக்கணும். பிள்ளை பெத்த வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி, தீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில். உவர்மண்ணில் நனைத்து, வெள்ளாவி வைத்து, விடியுமுன் துறைக்குச் சுமந்துபோய்க் கல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, காயவைத்து, எது யார் வீட்டுத் துணி என்று குறி மாறாமல் கொண்டுவந்து கொடுக்கணும். கூலி? ராத்திரி சட்டியோடு வாசலில் வந்து நின்றால் போடுகிற சோறு, ஊற்றுகிற குழம்பு. அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் தானியம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது, தலித்துகளுக்குள் இருக்கும் இந்தப் படிநிலையை எழுதலாமா கூடாதா என்று நம்மிடையே பெரிய விவாதமே நடந்தது. நடந்தது நல்லதுதான்.

இந்த ஏற்பாட்டில் பழுது பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. வெளுக்கிறவரின் தோள் இறங்கிப்போனாலும், விரலிடுக்கு வெந்து புண்ணானாலும் கவலைப்பட யாருமில்லை. மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள். உதிரிபாகம் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்துகிறது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். அதற்கு விளக்கம் தேடி எங்கேயும் போக வேண்டாம், ஒரு வெள்ளாவி அடுப்பின் முன்னால் போய் நின்றால் போதும்.

கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்களுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு துணி துவைப்பதிலும் உண்டு. அமெரிக்காவின் தெற்கில் வெள்ளையர் வீட்டு அழுக்கு கறுப்பினப் பெண்களின் தலையில்தான் ஏற்றப்பட்டது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பதினாறு ஆண்டு கழித்து, 1881 ஜூலையில், அட்லாண்டா நகரில் இருபது சலவைப் பெண்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். மூன்று வாரத்தில் அது மூவாயிரம் பேர் வேலைநிறுத்தமாக வளர்ந்தது. பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர், எல்லாருக்கும் ஒரே கூலி என்பது கோரிக்கை. கைது நடந்தது, அபராதம் விழுந்தது. ஆளுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் போடுவோம் என்று நகர மன்றம் மிரட்டியது. கட்டணத்தைக் கட்டுகிறோம், ஆனால் கூலியை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று அந்தப் பெண்கள் மேயருக்கே எழுதினார்கள். இதே சமயத்தில் பணக்காரர்கள் சிலர் நீராவிச் சலவை ஆலை தொடங்குகிறோம், வரிவிலக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாம் இன்றைக்கு மெஷினைப் பார்த்துச் சொல்லும் 'மாற்றிவிடலாம்' என்ற சொல்லை அங்கே கூலி கேட்ட பெண்ணைப் பார்த்துச் சொன்னார்கள்.

இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1767இல் ஜெர்மனியில் ஷேஃபர் என்ற பாதிரியார் ஒரு துவைக்கும் பொறியின் வடிவத்தை வெளியிட்டார். 1858இல் அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் சுழலும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மின்மோட்டார் வந்து சேர்ந்தது. 1937இல் பெண்டிக்ஸ் கம்பெனியின் மெஷின் துவைத்து, அலசி, பிழிவதையெல்லாம் தானே செய்தது. இதனால் பெண்களின் வேலை குறைந்துவிட்டதா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூலில் இல்லை என்கிறார். வெளியே போய்க்கொண்டிருந்த துணி மறுபடியும் வீட்டுக்குள் வந்தது, வாரம் ஒருமுறை மாற்றிய உடுப்பைத் தினமும் மாற்ற ஆரம்பித்தார்கள், எல்லாம் சேர்ந்து வீட்டுப் பெண் தலையில் விழுந்தது என்பது அவர் வாதம். அது அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக் கதை. நம் கணக்கு வேறு. 1945இல் காந்தியத்தை விமர்சித்து எழுதும்போது அம்பேத்கர், மனிதரை மிருகப் பிழைப்பிலிருந்து மீட்டு ஓய்வும் பண்பாட்டு வாழ்வும் தருவதற்கு இயந்திரம் அவசியம் என்று தெளிவாகச் சொன்னார். இராட்டையைக் கும்பிடுகிறவர்களுக்கு அது அன்றைக்கும் பிடிக்கவில்லை.

சரி, அந்த இயந்திரம் ஏன் இத்தனை சீக்கிரம் சாகிறது? 1932இல், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், நியூயார்க்கில் பெர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசு ஆயுள் குறிக்க வேண்டும், ஆயுள் முடிந்ததும் அதை வாங்கி அழித்துவிட வேண்டும், அப்போதுதான் ஆலைகள் ஓடும் என்பது அவர் யோசனை. அரசு அப்படிச் செய்யவில்லை. கம்பெனிகள் வேறு வழியில் செய்துகொண்டன. முன்பக்கம் திறக்கும் மெஷின்கள் பலவற்றில் உள்தொட்டியைத் திருகாணி வைத்து மாட்டாமல் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே பேரிங் மட்டும் போயிருந்தாலும் தொட்டியையே முழுசாக மாற்று என்பார்கள். போர்டில் ஒரு சின்னப் பாகம் கருகினாலும் முழு போர்டையும் மாற்று என்பார்கள். இதை எதிர்த்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்து ஆண்டு முக்கிய உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் கேட்டால் 'அப்படியா சார்?' என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இயந்திரம் அரசியலும்கூட. 2006 தேர்தலில் கலர் டி.வி., 2011இல் மிக்சி, கிரைண்டர், ஃபேன். 2021இல் அ.தி.மு.க. வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் என்று வாக்குறுதி கொடுத்துத் தோற்றது. இலவசம் என்று கேலி பேசியவர்கள் வீட்டிலெல்லாம் மெஷின் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வெளுத்த குடும்பத்து ஆயா ஒருவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். சின்னப் பிள்ளைகள்கூடப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிட்ட பெண். மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், 2009இல் ரெட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கி அனுப்பினார். அதே ஆண்டுதான் அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கில் அலைகிற சனத்துக்கு வாரியத்துக்கு முன்னால் மெஷின் வந்து சேர்ந்துவிட்டது. 2024இல் அது நின்றது. பிழியும் பக்கம் உர்ரென்று சத்தம் மட்டும் வருது, சுத்தலை. அடியில் தண்ணீர் ஒழுகுது. எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கலாம் என்று மகன் போனில் சொல்கிறார். ஆயா சம்மதிக்கவில்லை. 'பதினஞ்சு வருசமா என் கையி ஊறாம வச்சிருந்திச்சி சாமி. ஒரு கால் ஒடிஞ்சதுக்கா தூக்கிப் போடறது?' என்றார். என்னைச் சாமி என்கிறார். அவர் பேரன் வயசு எனக்கு. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

இந்த வகை மெஷினை எளிதில் திறக்கலாம் என்பது அதன் பெரிய பலம். துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கெப்பாசிட்டர், விலை குறைவு. பெல்ட், டைமர், பிரேக் கம்பி எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. பிழியும் தொட்டிக்கு அடியிலிருக்கும் ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் தண்டு வழியே மோட்டாரில் இறங்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் புஷ் துருப்பிடித்து மோட்டாரும் போகும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் இதற்குத் துணை. அடித்தகடு துருவேறி உதிர்ந்துவிட்டால், தொட்டி வெடித்துவிட்டால், இரண்டு மோட்டாரும் கருகிவிட்டால், அந்த மாடலுக்குப் பாகமே வராது என்றாகிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். பாசம் பார்க்கக் கூடாது.

செலவு புதுசின் பாதி விலையைத் தாண்டினால் புதுசு வாங்கு என்று கடைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவனுக்கு அது பொருந்தும். தவணைக்கும் தண்டல்காரனிடமும் போகிறவர்களுக்கு அட்டையில் போட்டிருக்கும் விலை விலையே இல்லை, வட்டியைச் சேர்த்துப் பார்க்கணும். இன்னொன்றையும் அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. மெஷின் நின்று கிடக்கும் நாட்களில் துணியை யார் துவைப்பது? பாகம் வர ஒரு மாசம் ஆகும் என்றால் அந்த ஒரு மாசமும் ஒரு பெண்ணைப் பழையபடி கல்லுக்கு அனுப்புகிறோம். அப்படியானால் கடன்பட்டாவது புதுசு வாங்குவதே சரி. இரண்டு நாளில் ஆகும் வேலை என்றால் ரிப்பேர்தான்.

தூக்கிப் போடுவது என்கிறோமே, எங்கே போடுகிறோம்? 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளிலேயே வாஷிங் மெஷின் இருந்தது. தயாரித்தவரே பொறுப்பு என்றார்கள். 2023 ஏப்ரலில் புதிய விதிகள் வந்தன. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்தவரை அது காயலாங்கடைக்குத்தான் போகிறது. கையுறை இல்லாமல் சுத்தியால் உடைக்கிறார்கள், செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள், புகையைக் குடிக்கிறார்கள். மோட்டாருக்குள் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி இருந்தால் அந்தப் பாடுக்கும் காசில்லை. ஊரின் அழுக்கு வேறு உருவத்தில் மறுபடி யாரோ சிலர் கைக்கே வந்து சேருகிறது.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது சுற்றுச்சூழல் நண்பர் ஒருவர் எழுந்து, அப்படியானால் கையால் துவைப்பதுதான் இயற்கைக்கும் உடம்புக்கும் நல்லது என்றார். துறையில் நின்று பார்க்காதவர்கள் சொல்லலாம். பழைய மெஷினைப் பழுது பார் என்று நான் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பழுது பார்க்கச் சொல்கிறேன்.

ஆயாவின் மெஷினுக்குச் சீலும் கெப்பாசிட்டரும் மாற்றியாயிற்று. மோட்டார் தப்பித்தது. இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பேரன் பக்கெட்டில் துவைத்திருக்கிறான். பெல்ட்டும் தேய்ந்திருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.