திரேஸ்புரம் முதல் காயல்பட்டினம் வரை: வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கார் டயரை எப்படித் தேர்வு செய்வது?

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்களிடம் டயர் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" ஆனால் திரேஸ்புரம் மாதிரியான கடலோரப் பகுதியில் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. வருடத்தில் பெரும்பகுதி வெயில், ஆனி ஆடியில் மண்ணை வாரி இறைக்கும் காற்று, எப்போதும் உப்புக் காற்று. இதெல்லாம் முடிந்து, வறண்டுபோன அதே டயரோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்குள் நுழைய வேண்டும்.

அந்த மழை எப்படி இருக்கும் என்பதை 2023 டிசம்பரில் மாவட்டமே பார்த்தது. டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். அந்த அளவு வெள்ளத்தில் எந்த டயரும் காப்பாற்றாது. ஆனால் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் சாதாரண மழையில், திருநெல்வேலி நான்குவழிச் சாலையிலோ மதுரை சாலையிலோ போகும்போது டயர்தான் எல்லாம்.

வின்டர் டயர் நமக்குத் தேவையா?

தேவையே இல்லை. யூடியூபில் டயர் வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு சம்மர், வின்டர், ஆல் சீசன் என்று மூன்று வகை காட்டப்படும். வின்டர் டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலும் இறுகாமல் மென்மையாக இருக்கும்படி தயாரிக்கப்படுவது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். டொரண்டோவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் பலர் வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுவதும் குளிரால்தான்.

அதே டயரைத் தூத்துக்குடி மே மாத ரோட்டில் ஓட்டினால் ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். இந்தியக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் கார் டயர்கள் வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. பொங்கல் லீவுக்குக் கொடைக்கானல் போவதற்கும் இதுவே போதும். பனி இறங்கிய காலையில் வளைவுகளில் மெதுவாகப் போனால் சரி.

ஆக, இங்கே கேள்வி எந்த சீசன் டயர் என்பது இல்லை. இருக்கிற டயர் அடுத்த மழைக்குத் தாங்குமா என்பதுதான்.

ஓடாத காரின் டயரும் கெடும்

திரேஸ்புரம் பக்கம் பல வீடுகளில் கார் வாசலிலேயே நிற்கும். வீட்டுக்காரர் கப்பலிலோ வளைகுடாவிலோ இருப்பார். வருடத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. டயரைப் பார்த்தால் பள்ளங்கள் ஆழமாக, புதிது போலவே இருக்கும். "இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று தோன்றும். இதுதான் ஏமாற்றும் இடம்.

ரப்பர் ஓடித் தேய்வதோடு, சும்மா நின்றும் முதுமை அடையும். வெயிலும், காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோனும் சேர்ந்து அதை இறுகச் செய்யும். பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்புகள் தெரியும். இறுகிய ரப்பர் காய்ந்த ரோட்டில் வித்தியாசம் காட்டாது. ஈர ரோட்டில்தான் வழுக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் காற்றும் இறங்கி, தரையில் படும் பகுதி தட்டையாகிவிடும்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. டயரின் பக்கவாட்டில், டி.ஓ.டி என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021-ம் வருடத்தின் 35-வது வாரம் தயாரானது. ஒரு பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கச் சுவரில் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடாவருடம் மெக்கானிக்கிடம் காட்டுவதும், பத்து வருடமானால் பள்ளம் இருந்தாலும் தூக்கிப் போடுவதும் டயர் நிறுவனங்களே சொல்லும் பொது விதி. பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. வெயிலில் நிற்கும் காருக்கு ஆறு வருடக் கணக்கே பாதுகாப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் காலாவதியான டயரோடு ஓடினால் அபராதமே போடுவார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

ஒரு நொடிக்கு ஒரு குடம் தண்ணீர்

மழையில் டயருக்கு என்ன வேலை என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த ஒற்றை டயர் ஒவ்வொரு நொடியும் சுமார் 13 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம். அந்தத் தண்ணீர் வெளியேறும் வழிதான் டயரில் உள்ள பள்ளங்கள். வழி போதவில்லை என்றால் டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் திடீரென லேசாகும், பிரேக் வேலை செய்யாது. இதற்குப் பெயர் அக்வாபிளேனிங்.

புது கார் டயரில் பள்ளம் வழக்கமாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அந்தக் கடைசி எல்லை வரை காத்திருப்பது மழைக்கு ஆகாது. செப்டம்பரில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால், அப்போதே மாற்றிவிடுவது நல்லது. அளக்கும் கருவி விலை குறைவுதான். டயர் கடையில் கேட்டாலே அளந்து சொல்வார்கள்.

காற்றும் இதில் சேர்த்தி. விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் கண்டறிந்த ஒரு கணக்கு உண்டு. அதன்படி 33 பி.எஸ்.ஐ காற்று உள்ள டயர் ஆழமான தண்ணீரில் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 22-க்கு இறங்கினால் அது 78 ஆகிவிடும். கார் டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, தேய்ந்த டயர் இன்னும் முன்னாடியே மிதக்கலாம். ஆனால் காற்று குறைந்தால் ஆபத்து சீக்கிரம் வரும் என்பது நிச்சயம். "மழைக்குக் காற்றைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, கிரிப் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மணலில் சிக்கிய வண்டிக்கான யோசனை.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால்?

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லோருக்கும் முடியாது. நம்ம ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கிறது. அதனால் முன் டயர்தான் முதலில் தேயும். கடையில் உடனே, "புதுசை முன்னாடியே மாட்டிடலாம் அண்ணாச்சி" என்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் டயர் நிறுவனங்களின் பரிந்துரை நேர்மாறானது. புதியவை பின்னால், பின்னால் இருந்தவை முன்னால்.

காரணம் இதுதான். ஈர வளைவில் முன் டயர் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்ப வரும். பின் டயர் பிடி விட்டால் காரின் பின்பக்கம் சுழலும். அதைச் சமாளிக்க, பழக்கப்பட்ட டிரைவராலேயே முடியாமல் போகலாம். முன்னால் போகும் டயர்கள் 3 மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் மட்டும் தள்ளிப் போடாமல் நான்கையும் மாற்ற வேண்டியதுதான். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி வந்தால் இந்தச் சிக்கலே பெரிதாக வராது.

வெயில், உப்பு, முள்

கோடையில் டயர் வெடித்தால் "சூட்டில் காற்று அதிகமாகி வெடித்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் உண்மை வேறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி, உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பிய்கிறது. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடிப்பதே சரி. ஓடி வந்த சூட்டில் அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன் கட்டாயமா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

உப்பு ரப்பரை அதிகம் தொடாது, இரும்பு ரிம்மைத்தான் தின்னும். டியூப்லெஸ் டயர் ரிம்மோடு ஒட்டி உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் காற்று மெல்லக் கசியும். பஞ்சர் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. உப்பளப் பக்கம் போகும் கார்களுக்கு டயர் மாற்றும்போதே ரிம் விளிம்பைச் சுத்தம் செய்து, வால்வையும் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள் ஏறினால் பள்ளப் பகுதியில் பஞ்சர் போடலாம். பக்கச் சுவரில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

பழைய டயரில் உள்ள எண்ணையே கேளுங்கள். 195/65 ஆர்15 91 ஹெச் என்றால் அகலம் 195 மில்லிமீட்டர், சுவர் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, ஹெச் என்றால் அதிகபட்சம் 210 கிலோமீட்டர் வேகம். கடைசி இரண்டும் கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையக் கூடாது. அழகுக்காக அகலமான டயர் போடுபவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும்.

ஈர ரோட்டில் பிடிமானம், உருளும்போது எதிர்ப்பு, சத்தம் மூன்றுக்கும் தர அளவு வைத்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் அறிவிக்கை வெளியிட்டது. எனவே, "ஈர ரோட்டில் எது நல்லா நிக்கும்?" என்பதே கடையில் முதல் கேள்வியாக இருக்கட்டும், மைலேஜ் இரண்டாவது. ஆஃபரில் தருகிறார்கள் என்றால் அந்த நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்.

பில் போடும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடலாம். கார் வாங்கிய நாளிலிருந்து மாற்றாமலே கிடக்கும் டயர் பெரும்பாலும் அதுதான். நடு ராத்திரி மழையில் வாகைக்குளம் பக்கம் பஞ்சரானால் மாட்டப் போவதும் அதைத்தான்.