தொழுகையைப் பிள்ளையின் நாளோடு சேர்த்தல்: சிட்னிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்து, பின்னர் அவுஸ்திரேலியா வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் நாங்களும் சிலர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்களுக்குத் தொழுகையைப் பழக்கியது வீடு மட்டுமல்ல. பாங்கு ஒலியும் ஓதப் பள்ளியும் தெருவும் சேர்ந்தே அதைச் செய்தன. டூங்கபியில் யன்னலைத் திறந்தாலும் பாங்கு கேட்காது. ஊர் செய்த வேலை முழுவதையும் இங்கே வீடுதான் செய்ய வேண்டும்.

ஏழு வயதுக்கு முன்

பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்கிறது நபிமொழி. அதற்கு முந்திய காலம் பார்த்துப் பழகும் காலம். சாப்பாட்டுக்கு முன் பிஸ்மில்லாஹ், வீட்டுக்குள் வரும்போது ஸலாம், படுக்கையில் ஒரு சிறிய துஆ ஆகிய மூன்றும் போதும். நீங்கள் தொழும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பாயை விரித்து விடுங்கள். பிள்ளை இடையில் எழுந்து ஓடினால் ஓடட்டும்.

சிட்னியின் சூரியன்

ஊரில் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே அசையும். சிட்னியில் யூன் மாதம் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைகிறது. டிசம்பரில் எட்டு மணிக்குப் பின்னரே மறைகிறது. பல பெற்றோர் இதனால்தான் சலித்துப் போகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் இலகுவான ஒரு பருவம் உண்டு.

ஏப்ரல்: முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே போகிறது. மஃரிப் ஐந்தே முக்கால் அளவில் வரும். இராச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. மூன்று ரக்அத்தை வீட்டில் ஜமாஅத்தாகத் தொழுங்கள்.

யூன், யூலை: இஷா ஆறரை அளவில் வந்துவிடும். சூரியன் ஏழு மணியளவில்தான் உதிப்பதால், பாடசாலைக்கு ஆறரைக்கு எழும்பும் பிள்ளை சுபஹ் இரண்டு ரக்அத்தையும் நேரத்துக்குத் தொழலாம். மூன்றரைக்கு வீடு திரும்பும்போது, ஷாஃபிஈ கணக்குப்படி அஸர் நேரம் தொடங்கியிருக்கும். இந்த மாதங்களில் லுஹர் மட்டும் பாடசாலை நேரத்துக்குள் முடிந்துவிடும். வளர்ந்த பிள்ளைக்கு மதிய இடைவேளையில் ஓர் அமைதியான மூலை கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நான்கு ரக்அத்துக்கு ஐந்து, ஆறு நிமிடங்களே தேவை.

ஒக்டோபர்: முதல் ஞாயிறன்று கடிகாரம் முன்னே போகிறது. அஸர் நாலு மணிக்குப் பின் தள்ளிப் போவதால், வீடு வந்த பிள்ளை லுஹரை வீட்டிலேயே தொழலாம். டிசம்பரில் இஷா ஒன்பதரைக்குப் பின்னரும் சுபஹ் விடியற்காலை நாலு மணியளவிலும் வரும். சின்னப் பிள்ளையை அதற்காக எழுப்பிப் போராட வேண்டாம். விடுமுறை நாட்களில் ஆசைக்கு எழும்பட்டும்.

வரவு மட்டும் எழுதுங்கள்

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மாதத்துக்கு ஒரு தாளை ஒட்டுங்கள். தொழுததற்குச் சரி அடையாளம் போடுங்கள். தவறியதற்குப் புள்ளடி வேண்டாம். பருவமடையும் வரை பிள்ளைக்குத் தொழுகை கடமை அல்ல. ஆகவே செலவுப் பக்கமும் இல்லை. சரி அடையாளத்துக்கு டொலர் கொடுக்கவும் வேண்டாம். காசு நின்றால் தொழுகையும் நின்றுவிடும். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று வருடங்களில் 5,475 வேளைத் தொழுகைகள் வருகின்றன. இன்று தவறிய ஒன்றுக்காகச் சத்தம் போடத் தேவையில்லை.

பொருளைத் தமிழில் சொல்லுங்கள்

ஓதுவது அறபு, பாடசாலையில் பேசுவது ஆங்கிலம். ஸூரத்துல் பாத்திஹாவின் பொருளை உம்மாவோ வாப்பாவோ தமிழில் சொன்னால், தொழுகைப் பாயில் தமிழும் தங்கும். நியூ சவுத் வேல்ஸின் 1990ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அரச பாடசாலைகளில் சமயக் கல்விக்கு நேரம் ஒதுக்குகிறது. இஸ்லாம் வகுப்பு உண்டா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் அங்கே தமிழ் கிடைக்காது.

விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, 1999இல் திறக்கப்பட்ட ஓபர்ன் கலிப்பொலிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போங்கள். பல மொழி பேசுவோர் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வீட்டில் தனியாக விரிக்கும் பாய் தனிமையாகத் தெரியாது.