பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல." ஒரு குடும்பச் சண்டையை நம்ம ஊர்ல இந்த ஒரே வரியில சொல்லி முடிச்சிடுவாங்க. கேட்கிறவங்க பதிலும் எப்பவும் ஒண்ணுதான்: "என்ன இருந்தாலும் பெத்தவங்க இல்லையா, நீயே போய்ப் பேசிடேன்." சரி, அதே வரியோட ஒருத்தர் தெரபிஸ்ட்கிட்ட போனா அவர் என்ன செய்யணும்? சேர்த்து வைக்கணுமா, பிரிஞ்சு வாழப் பழக்கணுமா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு நான் அதைத்தான் பேசப் போறேன்.

கதை அமெரிக்காவுல தொடங்குது. முர்ரே போவன், 1913-ல் டென்னசி மாநிலத்தின் வேவர்லி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். மனநல மருத்துவரான அவர், 1954-ல் வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில், தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு புதுமையான ஆய்வைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளோடு முதலில் தாய்மாரையும், பிறகு குடும்பத்தையே வார்டில் தங்கவைத்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது இதுதான்: நெருங்குறாங்க, மூச்சு முட்டுது, விலகுறாங்க, பதற்றத்துல திரும்ப நெருங்குறாங்க.

1967-ல் அவர் செய்தது இன்னும் துணிச்சல். பிலடெல்பியாவில் நடந்த ஒரு மாநாட்டில், சக மருத்துவர்கள் முன்னால் தன் சொந்தக் குடும்பக் கதையைச் சொன்னார். ஒருவரைப் பற்றி இன்னொருவர் தன்னிடம் சொன்ன புகாரை, சம்பந்தப்பட்டவரிடமே எடுத்துப் போனாராம். ஆனால் யார் பக்கமும் சாயவில்லை. அந்த உரை 1972-ல் அச்சானபோது ஆசிரியர் பெயரே இல்லை. மருத்துவர் தன் வீட்டுச் சண்டையைப் பேசுவது அவ்வளவு கூச்சமான விஷயம்.

1975-ல் அவர் தன் கோட்பாட்டில் 'உணர்வுத் துண்டிப்பு' என்ற கருத்தைச் சேர்த்தார். ஊரை விட்டுப் போவது மட்டும் துண்டிப்பு இல்ல. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் இருப்பதும் துண்டிப்புதான். பேசாம இருக்கறதால பிரச்சினை தீர்ந்துடாது, அது அடுத்த உறவுக்குப் போய் உட்கார்ந்துக்கும் என்றார் அவர். அதனால் தன்னை ஒரு 'கோச்' என்று சொல்லிக்கொண்டு, வந்தவர்களோடு சேர்ந்து மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போட்டார். தாத்தா யாரோட பேசல? அத்தை ஏன் வர்றதில்ல? 'யார் தப்பு' என்ற கேள்வி, 'இது எங்கிருந்து வருது' என்று மாறும்.

ஆனால் அடிவாங்கி வெளியே வந்தவர்களுக்கு இது போதுமா? 1970-களின் இறுதியிலிருந்து பெண்ணியத் தெரபிஸ்டுகள் இதைத்தான் கேட்டார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே அதிகாரம் இல்லையே, வன்முறைக்கு எப்படி எல்லோரும் சமமாகப் பொறுப்பாக முடியும்?

இன்னொரு பக்கம், பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை, எப்படி அழுவது? இதை அவர் 'தெளிவற்ற இழப்பு' என்றார். உறவு முறிந்தவர்களோடு வேலை செய்யும் தெரபிஸ்டுகளுக்கும் பின்னாளில் இந்தச் சொல் கைகொடுத்தது. அம்மா உயிரோட இருக்காங்க, ஆனா எனக்கு அம்மா இல்ல. இதுக்குக் கருமாதி கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டாங்க. அந்தத் துக்கத்தைத் துக்கம்னு ஒத்துக்கறதே அங்கே முதல் வேலை.

இது ஏதோ நாலு பேர் பிரச்சினையும் இல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லெமர் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்கப் பெரியவர்களில் 27 சதவீதம் பேர் ஏதாவது ஒரு உறவினரோடு தொடர்பு அறுந்து இருந்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கறது இதுதான். விலகிட்டா விடுதலைன்னு போவன் நம்பல. திரும்பிப் போனாதான் குணம்னு அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நம்பல. போறதா, இருக்கறதா என்பதைத் தெரபிஸ்ட் முடிவு பண்ண மாட்டார். அந்த முடிவு கோபத்துலயோ பயத்துலயோ வராம, யோசிச்சு நீங்களே எடுக்கிற வரைக்கும் கூட உட்கார்ந்திருப்பார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.