சிவப்பு நீங்கிய சின்னம்

விமானப்படைத் தளம் அமைந்த தாம்பரத்தில் போர்விமானச் சிறுமாதிரி செய்ய விழைவோர்க்கு நாம் சுட்டுவது ஹரிக்கேன். இரண்டாம் உலகப்போரில் சென்னை மாகாணம் அளித்த நிதியை முன்னிட்டு, பிரித்தானிய விமானப்படையின் 79-ஆம் அணி 'மதராஸ் மாகாணம்' என்னும் பெயர் பெற்றது. 1942-இல் இந்தியா வந்து பர்மா முனையில் ஹரிக்கேன்களில் பொருதது.

72-இல் ஒரு பங்கு அளவில் இறக்கையின் அகலம் ஏறத்தாழ 17 செ.மீ. மேலே பச்சையும் பழுப்பும். 1943-க்குப் பிந்தைய தோற்றமெனில் வட்டச்சின்னத்தில் சிவப்பு கூடாது. ஜப்பானியரின் செஞ்சூரியனென மயங்கித் தம்மவரே சுடாதிருக்க அது நீக்கப்பட்டது. இறுதியாக வெயிலில் வெளிறிய வண்ணம், புகைக்குழாய்க்குப் பின்னே கரி, சக்கரங்களில் சேறு.

ஆண்டவர்களின் போருக்கு ஆளப்பட்டோர் கொடுத்த பணம் அது. கொடுத்தோரின் பெயர்களை அணியின் பெயர் சொல்வதில்லை. மாகாணத்தை மட்டுமே சொல்கிறது. மாதிரியின் பீடத்தில் அதையேனும் தமிழில் எழுதிவைப்போம்.