உத்திரமேரூர் சபை மண்டபம்

உத்திரமேரூர் சபை மண்டபம் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் பேரூராட்சியில் உள்ள பழமையான கருங்கல் கட்டடமாகும். ஊர் மகாசபை கூடிய இடமான இது பின்னர் வைகுண்டப் பெருமாள் கோயிலாக மாறியது. குடவோலை முறையை விளக்கும் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதன் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஊரும் கட்டடமும்

உத்திரமேரூர், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், வேதம் கற்ற அந்தணர்களுக்குப் பிரமதேயமாக வழங்கப்பட்ட ஊராகும். கல்வெட்டுகளில் இது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்படுகிறது. ஊரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வயிரமேகத் தடாகம் என்று பெயர்.

மண்டபத்தின் அடித்தளம் கருங்கல்லால் ஆனது. மேற்பகுதி தொடக்கத்தில் செங்கல்லாலோ மரத்தாலோ அமைந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அது அழிந்தபின், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அதே அடித்தளத்தின்மேல் திருமாலுக்கு விமானம் எழுப்பப்பட்டது என்பர்.

இரு கல்வெட்டுகள்

பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) அரசாணையுடன் வந்த தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்க, வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளைச் சபையார் வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில் இவை திருத்தப்பட்டன. 921இல் வந்த அதிகாரி சோமாசிபெருமான் என்பவர். தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் ஓங்க வேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கம் என இரண்டாம் கல்வெட்டு கூறுவதால், இடைப்பட்ட காலத்தில் ஏதோ முறைகேடு நிகழ்ந்தது என ஊகிக்கலாம்.

முதற்கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, அடுத்ததில் 35 முதல் 70 வரை என்றாயிற்று. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும், வேதப் பயிற்சி உள்ளவராகவும் இருத்தல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி போதுமானது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு மீண்டும் இடமில்லை.

மிகக் கடுமையான விதி கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய தந்தை, சகோதரர், மாமன், மருமகன், சிற்றன்னை மக்கள் என உறவினர் பலரும் விலக்கப்பட்டனர். பொன் வாரியத்திற்குக் கழுதைமேல் ஏறினவரும் (இது அக்காலத் தண்டனை), பொய்யோலை எழுதியவரும் தகுதியற்றவராவர்.

குடவோலை

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை சேர்த்துக் கட்டாக்கிக் குடத்தில் இடுவர். சிறுவர் முதல் முதியோர் வரை சபையில் கூடியிருப்பர். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் அனைவரும் தவறாமல் மண்டபத்தின் உள்ளே இருத்தல் வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணுமாறு தூக்கி நிற்பார். உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனைப் பெற்றுப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைக்க இயலாதபடி செய்யும் ஏற்பாடு இதுவெனலாம். பின்னர் நம்பிமார் அனைவரும் அவ்வோலையைப் படிப்பர்.

இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாட்கள். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் தனியே குடவோலை எடுத்தனர்.

தேர்தலா, திருவுளச்சீட்டா?

குடவோலையைத் தற்காலத் தேர்தலுக்கு நிகராகக் கூறுவது வழக்கம். ஆனால் கல்வெட்டில் வாக்களிப்பு என்பதே இல்லை. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, குடம் தேர்ந்தெடுத்தது. நிலமும் வேதக் கல்வியும் அற்றவர்களுக்கு அதில் ஓலையே கிடையாது. பண்டைய ஏதென்சு நகரின் ஐந்நூற்றுவர் அவையும் சீட்டெடுத்தே அமைக்கப்பட்டது. ஆகவே இம்முறையை மக்களாட்சி வரலாற்றிலிருந்து விலக்குவதும் சரியன்று. உத்திரமேரூர் இதன் தொடக்கமும் அன்று. அகநானூற்றின் 77ஆம் பாடல் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கத்தைச் சுட்டுகிறது. திருநெல்வேலி அருகே உள்ள மானூர்க் கல்வெட்டு, பராந்தகனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சபை உறுப்பினருக்குரிய தகுதிகளைக் கூறுகிறது.

பிற்கால ஆய்வு

இக்கல்வெட்டுகள் 1898ஆம் ஆண்டு படியெடுக்கப்பட்டன. வெ. வெங்கையா இவற்றை அறிஞர் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1932இல் வெளியான தமது சோழர் வரலாற்று ஆய்வு நூலில் கே. ஏ. நீலகண்ட சாத்திரி இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அரசியல் நிர்ணய மன்றத்தில் 1948 நவம்பர் 22 அன்று ஊராட்சிகள் பற்றிய விவாதத்தில் த. பிரகாசம் இக்கல்வெட்டை எடுத்துக்காட்டினார். எனினும் அவர் குடத்தை வாக்குப்பெட்டியாகவே விவரித்தார். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதிய உத்திரமேரூர் பற்றிய பிரெஞ்சு நூல் 1970இல் புதுச்சேரியில் வெளியானது. மண்டபம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.