ஆட்டிசம் உள்ள மாணவர் டாக்டர் ஆக முடியுமா? சட்டம் சொல்வது என்ன, வார்டில் நடப்பது என்ன?

நீட் தேர்வில் நல்ல மார்க். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழில் 'ஆட்டிசம்' என்று இருக்கிறது. இந்த மாணவருக்கு எம்பிபிஎஸ் சீட் கிடைக்குமா? கிடைத்தால், படிப்பை முடிக்க கல்லூரி துணை நிற்குமா? முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதும் அதே அளவு முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு.

அப்புறம் ஏன் சிக்கல்?

எம்பிபிஎஸ் சேர்க்கைக்கான 2019 வழிகாட்டுதல், ஆட்டிசத்துக்கு இட ஒதுக்கீட்டை அப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. பாதிப்பைத் துல்லியமாக அளக்க வழி இல்லை என்பதுதான் காட்டப்பட்ட காரணம்.

2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பாதை காட்டியது. சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்றது. அது பேச்சுக் குறைபாடு தொடர்பான வழக்கு. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களும் இந்தக் கொள்கையைச் சுட்டிக்காட்டி வாதிடலாம்.

சீட் கிடைச்சாச்சு, இனி?

பாடப் புத்தகம் பலருக்குப் பிரச்னையே இல்லை. வார்டுக்குப் போனதும்தான் சோதனை ஆரம்பிக்கும். மானிட்டர் சத்தம், கண்ணைக் கூசும் விளக்கு, கடைசி நிமிடத்தில் மாறும் டியூட்டி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகள். வைவாவில் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால், 'இவருக்குத் தெரியலை' என்று தேர்வாளர் நினைத்துவிடலாம்.

என்ன கேட்கலாம்?

• டியூட்டி அட்டவணையும் அதில் வரும் மாற்றங்களும் முன்கூட்டியே எழுத்தில்
• வைவாவில் சுற்றி வளைக்காத, நேரடியான கேள்விகள்
• நோயாளியின் பேச்சைக் கேட்கத் தடையில்லாத இடங்களில் காதடைப்பான்
• இடைவேளையில் உட்கார ஓர் அமைதியான அறை
• சந்தேகம் கேட்க ஒரே ஒரு வழிகாட்டி ஆசிரியர்

இவை சலுகை அல்ல. கல்லூரிக்கு அளவுக்கு மீறிய சுமை இல்லாதவரை, இப்படிப்பட்ட மாற்றங்களை 'நியாயமான ஏற்பாடு' என்கிறது சட்டம். இதற்கு 40 சதவீதச் சான்று கட்டாயமில்லை என்பதை 2021 விகாஷ் குமார் தீர்ப்பு தெளிவாக்கியது. ஊசி போடுவது, மருந்தின் அளவைக் கணக்கிடுவது போன்ற திறன்களில் எந்தத் தளர்வும் கிடையாது. அவற்றைக் கற்கும் வழிதான் மாறுகிறது.

வெளியே சொல்லணுமா?

சொன்னால் முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். சொல்லாவிட்டால் ஏற்பாடு எதையும் கேட்க முடியாது. எல்லோரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தேவையானதை மட்டும் பட்டியலிட்டு, மருத்துவர் கடிதத்துடன் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

ஆட்டிசம் உள்ள டாக்டர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் மேரி டோஹர்ட்டி, 2019-ல் ஆட்டிசம் உள்ள மருத்துவர்களுக்காக ஒரு சர்வதேச அமைப்பையே தொடங்கினார். அவருக்கும் ஆட்டிசம் உண்டு.